மூன்று தடவை அடித்தும் சாழி அடங்கவில்லை, மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா?

நல்லேபிள்ளி வயல்
டிசம்பர் 8, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா நல்லேபிள்ளிப் பக்கம் மூன்றரை ஏக்கர் ரெண்டாம் விளை நெல் போட்டிருக்கிறேன். ரகம் உமா. பூத்து முடிந்து பால் பிடிக்கிற நேரம். கதிர் நாவாய்ப்பூச்சி, எங்கள் ஊர்ப் பேச்சில் சாழி, கதிருக்குக் கதிர் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் வரப்பில் கால் வைத்தாலே அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

பன்னிரண்டு நாளில் மூன்று தடவை மருந்து அடித்துவிட்டேன். அடித்த அன்றைக்குச் சில பூச்சிகள் செத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மறுபடி அதே கூட்டம். ஒவ்வொரு தடவையும் கடையில் "இது வேற மருந்துங்க, போன தடவையை விட வீரியம் ஜாஸ்தி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார் அப்பா. பக்கத்து வயல்காரர் அளவை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். இன்னொருவர், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் இங்கே விற்காத மருந்து ஒன்று கிடைக்கும், அதை அடித்தால் ஒரே நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார். நாலாவது தடவைக்குக் கையில் பணமும் இல்லை, மனசும் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி மேற்கு
டிசம்பர் 8, இரவு 9.45

அண்ணா, எங்கள் பக்கமும் இதே கதைதான். நான் போன வருஷம் இரண்டு மருந்தைக் கலந்து, அளவையும் கூட்டி அடித்தேன். நின்றது. யோசிக்காமல் அடியுங்கள். பால் பருவம் போய்விட்டால் அப்புறம் அடித்தும் பிரயோஜனம் இல்லை.

எருத்தேம்பதி பயறுக்காடு
டிசம்பர் 8, இரவு 10.20

தம்பி, அவசரப்பட வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். பாட்டிலில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் என்ன? கம்பெனி வைத்த பெயர் வேண்டாம். எத்தனை மணிக்கு அடித்தீர்கள்? மூன்றரை ஏக்கருக்கு எத்தனை டேங்க் ஆனது? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டு யோசனைதான்.

நல்லேபிள்ளி வயல்
டிசம்பர் 9, காலை 6.50

அக்கா, பாட்டில்களை மாட்டுக் கொட்டகையில் இருந்து எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை அடித்தது லாம்ப்டா சைஹேலோத்ரின். இரண்டாவது பாட்டிலில் தயாமெத்தாக்சம், அதோடு சேர்த்து லாம்ப்டா சைஹேலோத்ரின் என்று போட்டிருக்கிறது. மூன்றாவது குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது.

மருந்து அடிக்க வருகிற ஆள் காலையில் வேறு வயல் முடித்துவிட்டு வருவார். அதனால் மூன்று தடவையும் பதினொன்றரைக்கு மேல் ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடித்தார். பதினாறு லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர், மொத்தம் இருபது டேங்க்.

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 9, காலை 8.30

நான் வேளாண்மை படித்தவன், வீட்டில் எங்களுக்கும் நெல் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டில்கள். லேபிள் மூன்று விதம், கம்பெனியும் மூன்று. ஆனால் லாம்ப்டா சைஹேலோத்ரினும் சைபர்மெத்ரினும் ஒரே குடும்பம். செயற்கைப் பைரித்ராய்டுகள். இரண்டுமே பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. பூச்சி எந்தெந்த மருந்துக்கு எதிர்ப்பு காட்டுகிறது என்று கவனிக்க 1984இல் ஐராக் என்ற பன்னாட்டுக் குழு அமைந்தது. அவர்கள் மருந்துகளை அவை தாக்கும் இடத்தை வைத்து எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பைரித்ராய்டுகள் 3ஏ. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவை 1பி. இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சம் 4ஏ. நீங்கள் மூன்று தடவையும் 3ஏ அடித்திருக்கிறீர்கள், இரண்டு தடவை அதற்குத் துணையாக வேறொன்றைச் சேர்த்து. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு "வேற மருந்து" என்றால் வேற பெயர். நமக்கு வேற மருந்து என்றால் வேற எண்.

அடுத்தது நேரம். இந்தப் பூச்சி காலை வெயில் ஏறும் வரை கதிரில் இருக்கும். உச்சி வெயிலில் கீழே இறங்கித் தூருக்குள்ளும் வரப்புப் புல்லிலும் ஒதுங்கிவிடும். மூன்று மணிக்கு மேல் மறுபடி கதிருக்கு ஏறும். நீங்கள் பதினொன்றரைக்கு அடித்தபோது மருந்து கதிரில் விழுந்தது, பூச்சி கீழே இருந்தது. இன்னொரு சேதாரமும் உண்டு. நெல் பூ விரிவது முற்பகலில்தான். அந்த நேரத்தில் பூவின் மேல் மருந்துத் தண்ணீர் பட்டால் மகரந்தச் சேர்க்கை கெட்டு, பூச்சி தொடாத மணியும் பதராகும். காலை ஒன்பது மணிக்கு முன், இல்லாவிட்டால் மாலை மூன்று மணிக்குப் பின் என்று சொல்வதற்கு இரண்டும் காரணம்.

பிறகு தண்ணீர். இருபது டேங்க் என்றால் 320 லிட்டர். ஏக்கருக்குத் தொண்ணூறு சொச்சம். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். கதிர் தள்ளிய வயல் அடர்த்தியாக இருக்கும், பாதித் தண்ணீரில் மேல் இலை நனைவதோடு சரி.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு வயலில் இறங்குங்கள். வரப்போரம் மட்டும் பார்க்காமல் நடுவயலுக்குப் போங்கள். பத்து இடத்தில், இடத்துக்குப் பத்துக் கதிர், மொத்தம் நூறு கதிர் பாருங்கள். பூச்சியை இரண்டு வகையாக எண்ணுங்கள். ஒல்லியாக, நீளமாக, பழுப்பும் பச்சையுமாக, தொட்டால் பறப்பது ஒரு வகை. இறக்கை இல்லாமல் பச்சையாக, நீளக் கால்களோடு ஊர்வது இன்னொரு வகை, அது குஞ்சு. குஞ்சு பறந்து வர முடியாது. பெரிய குஞ்சு நடுவயலில் உயிரோடு இருந்தால் அது நீங்கள் அடித்த மருந்தைத் தாண்டிப் பிழைத்தது. பறக்கிற பூச்சி மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ஓரத்தில்தான் அதிகம் என்றால், அது வெளியில் இருந்து வந்து குடியேறியது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நல்லேபிள்ளி வயல்
டிசம்பர் 9, இரவு 8.15

எண்ணிவிட்டேன். மகளும் கூட வந்தாள், அவள்தான் நோட்டில் கோடு போட்டாள். நூறு கதிரில் மொத்தம் 23. அதில் பறப்பது 19, குஞ்சு 4. கிழக்கு வரப்போரம் தனியாக எண்ணினேன், அங்கே நூறு கதிருக்கு 41. கிழக்கே இருக்கும் நிலம் இந்த வருஷம் தரிசு. குதிரைவாலிப் புல் இடுப்பளவு நிற்கிறது. அதைத் தட்டினால் புகை கிளம்புவது மாதிரிப் பூச்சி கிளம்புகிறது.

இத்தனை வருஷம் விவசாயம் பண்ணியும் பூச்சியை எண்ணிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 9, இரவு 9.30

நன்றி அண்ணா. பூக்கும் சமயத்தில் நூறு கதிருக்கு 5, பால் பிடித்ததில் இருந்து மணி முற்றும் வரை நூறு கதிருக்கு 16. இதுதான் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற பொருளாதாரச் சேதநிலை, அதாவது இதைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு நியாயம். உங்கள் நடுவயலில் 23. ஆக, அளவைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வந்து குடியேறியவை. தரிசுப் புல்லை விட்டுவிட்டு வயலுக்குள் எத்தனை தடவை அடித்தாலும் மூன்றாம் நாள் அந்த இடத்தை நிரப்ப அங்கே ஆள் இருக்கிறது. நெல் பூக்காத நாட்களில் இந்தப் பூச்சிக்குச் சாப்பாடே அந்தப் புல்லின் கதிர்தான்.

நாலு குஞ்சு என்பதையும் நான் லேசாக எடுக்கவில்லை. அது தெளிப்பு படாமல் தப்பியதாகவும் இருக்கலாம், மருந்து பட்டும் சாகாததாகவும் இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பின்னால் எழுதுகிறேன்.

பொள்ளாச்சி மேற்கு
டிசம்பர் 9, இரவு 10.05

எனக்கு ஒரு சந்தேகம். எதிர்ப்பு என்றால் பூச்சி மருந்துக்குப் பழகுவதுதானே? அளவைக் கூட்டினால் பழக்கத்தை உடைத்துவிடலாமே?

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 10, காலை 7.15

எல்லோரும் "பழகிவிட்டது" என்றுதான் சொல்கிறோம், ஆனால் நடப்பது அது இல்லை. ஒரு பூச்சி தன் ஆயுளுக்குள் மருந்துக்குப் பழகுவதில்லை. எத்தனையோ ஆயிரம் பூச்சியில் மூன்றோ நாலோ பிறக்கும்போதே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். உடம்பில் மருந்தை உடைக்கிற நொதி அதிகமாகச் சுரக்கும். இல்லாவிட்டால் மருந்து போய் ஒட்ட வேண்டிய நரம்புப் புள்ளி லேசாக மாறியிருக்கும். மருந்து அடிக்கிறோம், மற்றதெல்லாம் சாகிறது, அந்த மூன்று நாலு பிழைத்து இனம் பெருக்குகிறது. அடுத்த தடவையும் அதே எண் மருந்து என்றால் அவற்றின் பிள்ளைகளுக்குப் போட்டியே இல்லை. விதைநெல்லுக்குக் கதிர் பொறுக்குகிற மாதிரி, எது சாகாதோ அதை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம்.

அளவைக் கூட்டினால் அன்றைக்குச் செத்த மாதிரி தெரியும். சிலந்தியும் இரைவிழுங்கிகளும் முதலில் சாகும், எஞ்சி நிற்பது இன்னும் முரட்டு இனமாக இருக்கும்.

இதில் 2012இல் ஜப்பானில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ரிப்டார்டஸ் என்று ஒரு நாவாய்ப்பூச்சி, பயறு வகையில் காயை உறிஞ்சுவது. நம் சாழி சேர்ந்த அதே குடும்பம். அதன் குஞ்சு ஒவ்வொரு தலைமுறையிலும் மண்ணில் இருந்து பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியாவை எடுத்துக் குடலில் வைத்துக்கொள்ளும். தாயிடம் இருந்து அது வருவதில்லை. ஃபெனிட்ரோதியான் என்ற மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த மண்ணில், அந்த மருந்தையே தின்று வாழும் பாக்டீரியா பெருகுகிறது. அதைக் குடலில் ஏற்றிக்கொண்ட பூச்சி அந்த மருந்துக்குச் சாகவில்லை. அதாவது பூச்சி மாறவே வேண்டாம். நாம் மண்ணில் கொட்டியது அதற்குக் கவசம் செய்து கொடுக்கிறது. நம் ஊர்ச் சாழியில் இது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே மருந்தை ஒரே வயலில் வருஷக்கணக்கில் அடிப்பது எங்கெல்லாம் போய் முட்டும் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எருத்தேம்பதி பயறுக்காடு
டிசம்பர் 10, காலை 11.40

தம்பி சொன்ன அந்த ரிப்டார்டஸ் என் காட்டில் இருக்கிறது! பெயர்தான் தெரியாமல் இருந்தது. தட்டைப்பயறு, துவரை இரண்டிலும் வரும். அதன் குஞ்சு அசல் கறுப்பு எறும்பு மாதிரியே இருக்கும். எறும்புதானே என்று நானும் பல வருஷம் விட்டுவிட்டேன். ஒருநாள் காயோடு சேர்த்துப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எறும்புக்கு முகத்தில் கடிக்கிற தாடை இருக்கும். இதற்கு ஊசி மாதிரி ஒரு மூக்கு, மார்போடு மடக்கி வைத்திருந்தது. அப்புறம்தான் காய் ஏன் சுருங்குகிறது, உடைத்தால் உள்ளே பயறு ஏன் குழி விழுந்து கறுத்திருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் வானம் பார்த்த காட்டில் அவரைக்கொடியில் உருண்டையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே, தொட்டால் கை நாறுமே, அது வேறு வகை. துவரைக்கு வரும் பச்சை நாவாய்ப்பூச்சி வேறு. அவரையில் இருப்பதைக் காலை இளவெயிலுக்கு முன் சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கொடியைத் தட்டினாலே பாதி விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவை மந்தமாக இருக்கும். நான் மூன்று வருஷமாக அவரைக்கு மருந்து வாங்கவில்லை. இரண்டு ஏக்கர் துவரைக்கு இது முடியாது, தெரியும். வீட்டைச் சுற்றிக் கொடி வைத்திருப்பவர்கள் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவாய்ப்பூச்சி மாதிரி இருப்பதெல்லாம் பகை இல்லை. தோளில் இரண்டு பக்கமும் முள் நீட்டிக்கொண்டு ஒன்று வரும், புழுவை ஊசியால் குத்தித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு உறிஞ்சும். அதைக் கொல்லாதீர்கள்.

கொடுவாயூர் பெரியவர்
டிசம்பர் 10, மாலை 5.20

எனக்கு எழுபத்திரண்டு வயது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

எங்கள் அப்பா காலத்தில் சாழிக்கு ஈந்துப் பூ வைப்போம். ஈந்து என்றால் பனையோலை மாதிரி ஓலை விட்டுக் காட்டோரம் நிற்கும் மரம். தமிழில் மதனகாமப்பூ என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது அதன் ஆண் பூதான். கதிர் வரும்போது ஏக்கருக்கு நாலைந்து இடத்தில் மூங்கில் குச்சியில் கட்டுவோம். அந்த நெடிக்குச் சாழி வயலை விட்டு விலகும். நெடி நாலைந்து நாள்தான் நிற்கும், அப்புறம் மாற்ற வேண்டும்.

அதோடு கெட்டுப்போன மீன், வயல் நண்டு, நத்தை இவற்றை நசுக்கித் துணியில் முடிந்து வரப்போரம் தொங்கவிட்டால் சாழி அதில் வந்து மொய்க்கும். விடியற்காலையில் போய்ச் சாக்குப்பையால் மூடிப் பிடித்துத் தீயில் போடுவோம். இது பிள்ளைகள் வேலை. நான் பிடித்திருக்கிறேன்.

ஆனால் அப்போது பாடம், அதாவது ஊர் வயல்வெளி, முழுக்க ஒரே வாரத்தில் நாற்று நடுவோம், ஒரே வாரத்தில் பூக்கும். பூச்சி இருந்தாலும் எல்லா வயலுக்கும் பங்காகிப் போகும். இப்போது ஒருவர் உமா, ஒருவர் ஜோதி, ஒருவர் காஞ்சனா. ஒருவர் வயல் முற்றும்போது அடுத்தவர் வயல் பால் பிடிக்கிறது. பூச்சிக்கு இரண்டு மாதம் விருந்து.

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 10, இரவு 9.00

ஐயா, உங்கள் கடைசி வரிகள் நான் எழுதியதை எல்லாம் விடப் பெரிய விஷயம்.

ஈந்துப் பூவைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். அந்த மரம் இப்போது அருகிவரும் இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. மெதுவாக வளரும், ஆண் பூவைக் கடைக்காக மொத்தமாக அறுத்தால் விதை பிடிக்காது. வீட்டில் மரம் இருப்பவர்கள் தங்கள் பூவை வைக்கட்டும். காட்டில் இருந்து அறுத்து வந்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். அந்த இடத்துக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் இருக்கிறது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். நொச்சி இலைச் சாறும் பரிந்துரையில் உண்டு. எண்ணிக்கை 16க்குக் கீழே இருக்கும்போது இவை போதும். 41 இருக்கும் இடத்தில் இவற்றை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

வண்ணாமடை
டிசம்பர் 10, இரவு 10.30

நான் விவசாயி இல்லை. என் வீட்டுக்காரர் கூலிக்கு மருந்து அடிக்கிறவர். இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், அவரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு அவர் ஏன் வருகிறார் தெரியுமா? காலை ஆறு மணிக்கே மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். டேங்க் கணக்குக்குத்தான் கூலி. டிசம்பரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் உச்சி வெயிலில் அடித்துவிட்டு வந்தால் ராத்திரி தலை கிறுகிறுக்கிறது, வாயெல்லாம் கசக்கிறது என்பார். சட்டையைத் தனியாகத்தான் துவைக்கிறேன். போன மாதம் ஒரு வயலில் அளவை இரட்டிப்பாக்கிக் கலந்து கொடுத்தார்கள், அவருக்கு அது தெரியாது. அன்றைக்கு வாந்தி நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அளவைக் கூட்டு, எல்லை தாண்டிப் போய் வாங்கு என்று சொல்கிறவர்கள் அந்த டேங்க் யார் முதுகில் இருக்கும் என்பதையும் நினையுங்கள்.

பொள்ளாச்சி மேற்கு
டிசம்பர் 11, காலை 6.30

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எருத்தேம்பதி பயறுக்காடு
டிசம்பர் 11, காலை 9.10

வண்ணாமடைத் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இனி எங்கள் காட்டுக்கு யார் அடிக்க வந்தாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான், டேங்க் கணக்கில்லாமல் நாள் கூலியாகத்தான் கொடுப்பேன். கையுறையும் முகக்கவசமும் நானே வாங்கி வைத்துவிடுகிறேன்.

எல்லை தாண்டி வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2011லேயே மோனோகுரோட்டோபாஸ், போரேட், புரோபனோபாஸ் என்று பல மருந்துகளுக்குத் தடை போட்டார்கள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து அந்த ஊர்க் குழந்தைகள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அதே 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுக்க நிறுத்தியது. நம் ஊர் எல்லையில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். வயல் மாறாது, வாய்க்கால் தண்ணீர் மாறாது.

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 11, மதியம் 1.00

அக்கா எண்டோசல்பானைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். பிரேசிலில் சோயா விளைகிற பகுதியில் பழுப்பு நாவாய்ப்பூச்சி ஒன்று பெரிய தொல்லை. அங்கே எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் மூன்றுக்கும் அது எதிர்ப்புக் காட்டுகிறது என்று 2001இலேயே ஆய்வு வந்துவிட்டது. நாம் எல்லை தாண்டிப் போய்த் தேடுகிற அந்த வீரிய மருந்தும் கடைசியில் கேட்காமல் போகும் என்பதற்கு இது சாட்சி. அவர்கள் செய்த ஒரு நல்ல வேலை: இரண்டு வரிசைக்கு நடுவே வெள்ளைத் துணியை விரித்துச் செடியை அதன் மேல் உலுக்கி, ஒரு மீட்டர் வரிசைக்கு இரண்டு பூச்சிக்கு மேல் இருந்தால் மட்டும் மருந்து. விதைக்கான வயலில் ஒன்று. துணியும் கணக்கும்தான், வேறு ஒன்றும் இல்லை. துவரைக்காரர்கள் அந்த முறையில் உலுக்கிப் பார்க்கலாம், எண்ணிக்கை அளவு மட்டும் நம் பயிருக்குச் சொன்னதாக இருக்க வேண்டும்.

நல்லேபிள்ளி அண்ணா, குஞ்சு ஏன் பிழைத்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்றேனே, அந்தப் பாட்டில் சோதனை இதுதான். நாலு பெரிய பிளாஸ்டிக் பாட்டில். மேலே கொசுவலை கட்டுங்கள். நான்கு கொத்துக் கதிர் எடுத்து, மூன்றை முதல் தடவை அடித்த லாம்ப்டா, மூன்றாவது தடவைக் கலவை, புதிதாக மாலத்தியான் ஆகிய மூன்று மருந்தில், லேபிளில் சொன்ன அளவுக்குக் கரைத்ததில், பத்து நொடி முக்கி நிழலில் உலர்த்துங்கள். நாலாவதை வெறும் தண்ணீரில் முக்குங்கள். ஒவ்வொன்றிலும் இருபது பூச்சி, ஒரே வயலில் பிடித்தது. நிழலில் வைத்து 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் நாலைந்துக்கு மேல் செத்திருந்தால் சோதனை செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். கையுறை கட்டாயம், பிள்ளையைக் கிட்டே விடாதீர்கள்.

நல்லேபிள்ளி வயல்
டிசம்பர் 13, இரவு 7.40

சோதனை செய்துவிட்டேன். பூச்சி பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது, விடியற்காலை பனியில் அவை மந்தமாக இருக்கும்போது பிடித்தேன். கையுறை போட்டும் நாற்றம் போகவில்லை.

தண்ணீர்: 20இல் 1 செத்தது. புதிதாக வாங்கிய மாலத்தியான்: 20உம் செத்துவிட்டன. லாம்ப்டா: 20இல் 13 செத்தன, 7 நடமாடின. மூன்றாவது கலவை: 20இல் 18.

அந்த ஏழையும் மறுநாள் வரை வைத்துப் பார்த்தேன். இரண்டு செத்தது, ஐந்து கதிரில் ஏறி உட்கார்ந்து உறிஞ்ச ஆரம்பித்தது. மூக்கை மணியின் இரண்டு உமிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. உமியைத் துளைக்கவில்லை, அந்த இடுக்கைத் தேடித்தான் நுழைக்கிறது. எடுத்த பிறகு அந்த இடத்தில் ஒரு சின்னப் பொட்டு.

சித்தூர் வேளாண் பட்டதாரி
டிசம்பர் 13, இரவு 9.20

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு பாட்டில் சோதனையை வைத்து எதிர்ப்பு என்று முத்திரை குத்தக் கூடாது. உங்கள் லாம்ப்டா பாட்டில் திறந்து எத்தனை நாள் ஆனது, வெயிலில் இருந்ததா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஆனாலும் இருபதில் ஏழு என்பது அந்தக் குடும்பத்தை உங்கள் வயலில் இருந்து ஓய்வுக்கு அனுப்பப் போதுமான காரணம். இந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த இரண்டு விளைக்கும் 3ஏ வேண்டாம்.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பைரித்ராய்டு அடித்த நெல்லில் தண்டை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகும், மலையாளத்தில் முஞ்ஞ என்பது. அதைத் தின்னும் சிலந்தியையும் பச்சை நிறக் குட்டி நாவாய்ப்பூச்சியையும் இந்த மருந்து முதலில் கொன்றுவிடுகிறது. 1973-74இல் குட்டநாட்டைப் புகையான் புரட்டிப் போட்டதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளைக்கே தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டைப் பாருங்கள். பழுப்பாகக் குட்டிக் குட்டியாக ஒட்டியிருந்தால் உடனே எழுதுங்கள்.

இப்போதைக்கு: தரிசு நிலத்துக்காரரிடம் பேசி அந்தப் புல்லை வெட்டுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் நீங்கள் தெளித்து முடித்திருக்க வேண்டும். முதலில் வெட்டினால் அத்தனையும் உங்கள் வயலுக்குள்தான் வரும். மாலத்தியான், லேபிள் அளவு, மாலை நாலு மணிக்கு மேல், ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க். ஓரத்தில் இருந்து ஆரம்பித்து வட்டமாக உள்ளே வாருங்கள், நடுவில் இருந்து வெளியே போனால் பூச்சி தப்பிவிடும். ஒரே தடவை. அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு முறை எண்ணுங்கள். மணி கடினமாகிவிட்டால் எத்தனை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கொடுவாயூர் பெரியவர்
டிசம்பர் 14, காலை 7.00

காற்று எழும் முன் அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்தக் காற்றுக்கு மாலை நாலு மணி என்பதும் சரியாக இருக்காது, ஐந்துக்குத்தான் அடங்கும். தெளித்த வயலில் கொஞ்ச நாளைக்கு மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டாம்.

நல்லேபிள்ளி வயல்
டிசம்பர் 19, இரவு 8.30

பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். வண்ணாமடை அக்காவின் வீட்டுக்காரரைத்தான் வரச் சொன்னேன், கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை எல்லாம் வாங்கி வைத்து, நாள் கூலி பேசி. நாற்பத்திரண்டு டேங்க். இரண்டு சாயங்காலம் ஆனது. பதினேழாம் தேதி தரிசுப் புல்லை வெட்டிப் போட்டோம், நிலத்துக்காரர் மறுக்கவில்லை.

இன்று எண்ணியது: நடுவயல் 3, கிழக்கோரம் 9. தூரைப் பார்த்தேன், புகையான் அங்கங்கே ஒன்றிரண்டு, சிலந்தியும் இருக்கிறது.

வண்ணாமடை
டிசம்பர் 19, இரவு 9.15

அவர் சொல்லச் சொன்னார்: அன்றைக்கு ராத்திரி தலை சுற்றவில்லை, நன்றாகச் சாப்பிட்டார்.

நல்லேபிள்ளி வயல்
ஜனவரி 16, மாலை 6.10

அறுவடை முடிந்தது. ஈரம் 17 சதவீதத்துக்குள் காய வைத்து, அரசுக்காக நெல் கொள்முதல் செய்யும் சப்ளைகோவுக்குக் கொடுத்தாகிவிட்டது. போன வருஷத்தை விட ஏக்கருக்கு மூன்று மூட்டை குறைவு. முதல் மூன்று தெளிப்பிலேயே போன மணிகள் அவை, திரும்ப வராது.

நேற்று பாடசேகரக் கூட்டத்தில், அதாவது எங்கள் வயல்காரர்கள் சங்கக் கூட்டத்தில், இந்த இழையைப் படித்துக் காட்டினேன். முதல் விளைக்கு எல்லோரும் ஒரே ரகம், பத்து நாளுக்குள் நாற்று விடுவது என்று பேசியிருக்கிறோம். இரண்டு பேர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது, மூலத்தரை அணையில் இருந்து தண்ணீர் வந்து சேரவே மற்றவர்களை விடப் பன்னிரண்டு நாள் கூடுதல் ஆகிறது என்கிறார்கள், அது நியாயம்தான். அவர்களுக்குக் குறுகிய வயது ரகம் கொடுத்துப் பூக்கும் நாளைச் சேர்த்துவிடலாமா? உமா நூற்றிருபதுக்கு மேல் போகிறது, காஞ்சனா நூற்றைந்து நூற்றுப் பத்தில் முடிகிறது. பெரியவரும் பட்டதாரித் தம்பியும் கணக்குப் போட்டுச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறேன்.